தவளை வண்டிக்கு நான்கு டயர்கள்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. 2008, ஆனி மாதம். மேகமலையில் நான் வேலை பார்த்த எஸ்டேட்டின் இரண்டு சீட் மலை வண்டிக்கு நான்கு புது டயர்கள் வாங்கினோம். தேர்ந்தெடுத்தது நான்.

2. சக்கரங்களைக் கழற்றி லாரியில் சின்னமனூருக்கு அனுப்பினோம். அங்கே டயர் மாட்டி, மறுநாள் அதே லாரியில் மேலே வந்தன. இறக்கிய லோடுமேன்கள் கனமாக இருக்கிறது என்றார்கள். புது டயர் கனமாகத்தான் இருக்கும் என்றேன்.

3. காற்றை அளந்தேன். சரியாக இருந்தது. ஷெட் முற்றத்தில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தோம். அதுவும் சரி.

4. மூன்றாம் நாள் டிரைவர் பாண்டி, வண்டிக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து ஆடுவதுபோல இருக்கிறது என்றார். ஷெட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

5. பதினோராம் நாள் காலை, மேல் லயனில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து இறங்கும்போது வண்டி வளைவில் நிற்காமல் ஏலக்காய்ச் சரிவுக்குள் போனது. ஒரு சில்வர் ஓக் மரம் தடுத்தது. பக்கத்து சீட்டில் இருந்த டிஸ்பென்சரி நர்ஸ் ரோசம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

6. பாண்டியை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். சனிக்கிழமைக்குள் ஷெட்டிலிருந்து அறிக்கை போக வேண்டும். டிரைவர் தவறு என்று வந்தால் அவருக்கு வேலை போகும். வேலையோடு லயன் வீடும் போகும்.

7. மறுநாள் நான் அந்த மரத்தடிக்குப் போய்ப் பின் சக்கரத்தில் பிரஷர் கேஜை வைத்தேன். காற்று வர வேண்டிய இடத்தில் தண்ணீர் வந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு போன். எஸ்டேட்டின் வண்டி ஷெட்டை இந்த வருடம், 2010இல், மூடிவிட்டார்கள். வண்டி வேலையெல்லாம் கீழே ஒரு காண்டிராக்டருக்குப் போய்விட்டது. ஷெட்டில் மிச்சமிருந்த நாலு பேருக்கும் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். எனக்கு முப்பது வயது. ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தக் காண்டிராக்டரிடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் டிப்ளமோ படித்த பெண் ஒருத்தி போன் செய்து, "அக்கா, அந்தத் தவளை வண்டிக்கு என்ன டயர் போடலாம்? சைஸ் மட்டும் சொல்லுங்க போதும்" என்றாள். சைஸ் மட்டும் சொன்னால் போதாது என்றேன். எழுதி அனுப்புகிறேன் என்றும் சொன்னேன்.

என் படிப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஊர் ஆண்டிபட்டி. 1996 முதல் மூன்று வருடம் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பிறகு மூன்று வருடம் தேனியில் ஒரு டிராக்டர் ஷோரூமின் சர்வீஸ் பிரிவு. அங்கே கற்றது ஒன்றே ஒன்று: வேலை முடிந்த வண்டி திரும்பி வந்தால், எழுதிவைத்தவர் பிழைத்தார். அதனால் எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு எழுதப் பழகினேன். 2002இல் மேகமலை.

ஷெட்டின் ஃபோர்மேன் செல்லச்சாமி சார். உத்தமபாளையத்துக்காரர். ஐம்பது தாண்டியவர். அவரிடம் யார் எதைச் சொன்னாலும் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்: "பாத்ததா, சொன்னதா?" ஆயில் ஒழுகுகிறது என்றாலும் அதே கேள்வி. ஜீப் பஞ்சர் என்றாலும் அதே கேள்வி. மழை வருகிறது என்று யாராவது சொன்னால்கூட ஷெட்டுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணி எடுக்கச் சொல்வார். லோடுமேன்கள் அவருக்குப் 'பாத்ததா சார்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். டீசல் கேனை மோந்து பார்ப்பார். புது பேரிங் வந்தால் பெட்டியின் ஒட்டுப் பட்டையை வெயிலில் காட்டி, பிரித்து ஒட்டியதா என்று பார்ப்பார். நல்ல பிரஷர் கேஜ் ஒன்றைத் தன் சோற்றுத் தூக்கின் அடித்தட்டில் வைத்துப் பூட்டியிருந்தார். யாரையும் அவர் திட்டிக் கேட்டதில்லை. நம்பாமல் இருப்பதை அமைதியாகச் செய்வார். அது திட்டைவிட மோசம்.

நான் சேர்ந்த முதல் வாரம் எனக்கு ஒரு ஸ்பேனர்கூடத் தரவில்லை. சும்மா நின்று பார் என்றார். நான் பார்த்ததைச் சொன்னால் அதே கேள்வி. அவர்மேல் மரியாதை வந்ததால் அல்ல, அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கச் சகிக்காமல்தான், என் நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். இடப்பக்கம் 'பார்த்தது'. வலப்பக்கம் 'சொன்னது'. அவர் கேட்பதற்கு முன்பே நோட்டை நீட்டிவிடுவேன். இடப்பக்கத்துக்கு மட்டும் வேலை நடக்கும். வலப்பக்கம் காத்திருக்கும். ஆறு மாதத்தில் ஷெட்டே அந்த முறைக்கு வந்துவிட்டது.

இன்னொன்றும் செய்தேன். எஸ்டேட் முதலாளிக்குக் கீழே பள்ளத்தாக்கில் நெல் வயல் உண்டு. அங்கே இரண்டு டிராக்டர்கள். அவற்றின் டயர் வேலையும் எங்கள் பொறுப்பு. வாயால் சொல்லி அனுப்பி ஒவ்வொரு தடவையும் ஏதாவது தவறிப்போனதால், ஒரு தாள் தயாரித்து டைப் அடித்து நகல் எடுத்து வைத்தேன். வண்டி, டயர் சைஸ், எத்தனை பிளை (நூல் அடுக்கு), டியூப், காற்று என்று ஏழு வரி. அடியில் என் கையெழுத்தும் செல்லச்சாமி சார் கையெழுத்தும். அவர் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்துவிட்டுத்தான் போடுவார். சின்னமனூரில் டயர் கடை வைத்திருந்த ராஜாங்கம் அண்ணன், அந்தத் தாள் வந்த பிறகுதான் நிம்மதியாக இருக்கிறது என்று லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்பினார். எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இனி தவளை வண்டி. கேரளாவில் ஒரு ரிசார்ட்காரர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, ரிசார்ட்டை மூடும்போது விற்றது. 2006இல் எங்களிடம் வந்தது. பக்கம் பக்கமாக இரண்டு சீட், தலைக்கு மேல் இரும்புக் குழாய்க் கூண்டு, பின்னால் சின்னதாக ஒரு தொட்டி, குட்டையான தடித்த சக்கரங்கள். பச்சை நிறம். பள்ளத்தில் துள்ளித் துள்ளிப் போவதைப் பார்த்து லயன் பிள்ளைகள் வைத்த பெயர்தான் தவளை. அதை எஸ்டேட்டுக்கு வெளியே ரோட்டில் ஓட்டக் கூடாது. உள்ளே மட்டும்தான். மழைக்காலத்தில் ஜீப் ஏறாத மேல் லயனுக்கு அது ஏறும். காய்ச்சல்காரர், பிள்ளைத்தாய்ச்சி யாராக இருந்தாலும் அதில்தான் டிஸ்பென்சரிக்கு இறக்குவார்கள். ஓட்டியது பாண்டி. கம்பத்துக்காரர், மனைவி தேயிலைக் கொழுந்து எடுப்பவர். ஜீப்பில் இருந்தவரை இதற்கு மாற்றினார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. 'கதவு இல்லாத வண்டியெல்லாம் வண்டியா' என்பார்.

இரண்டு வருடத்தில் டயர் போய்விட்டது. பழைய டயரில் தரையைப் பிடிக்கும் முள் தேய்ந்து, பக்கவாட்டில் கல் கிழித்து, உள்ளே நூல் தெரிந்தது. அந்த சைஸ் நம் பக்கம் கிடைக்காது. என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. கொச்சியில் இறக்குமதி செய்யும் ஒருவரிடம் அதே சைஸ் வாங்குவது. மினி டிராக்டரின் முன் டயரைப் பொருத்துவது. இல்லையென்றால் இன்னொரு ரிசார்ட்டின் பழைய டயர்.

செல்லச்சாமி சார் மினி டிராக்டர் டயர்தான் வேண்டும் என்றார். கண்ணால் பார்த்து வாங்கலாம், தேனியிலேயே கிடைக்கும், கொச்சிக்காரன் யார் என்றே தெரியாது என்பது அவர் வாதம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த டயரின் பக்கச் சுவர் இந்த வண்டியின் வேகத்துக்கு ஆனதல்ல. ரிம்மில் உட்கார்ந்தாலும் அகலம் குறையும், வளைவில் கவிழும். பழைய டயரை இரண்டு பேருமே வேண்டாம் என்றோம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாக்குவாதம் வரவில்லை.

கொச்சிக்காரர் முதலில் அனுப்பிய நான்கு டயர்களை நானே திருப்பி அனுப்பினேன். டயரின் பக்கச் சுவரில் கடைசி நான்கு எண்கள் அது தயாரான வாரமும் வருடமும். அந்த நான்கு டயரிலும் அந்த இடம் மட்டும் மழமழவென்று இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். விரலில் கரி ஒட்டியது. போனில் கேட்டால், கப்பலில் உரசியிருக்கும் என்றார். நாலு டயரும் ஒரே இடத்தில் எப்படி உரசும் என்று கேட்டேன். பிறகு வந்த நான்கிலும் எண் இருந்தது. ஆறு பிளை. முள்ளுக்கு முள் நல்ல இடைவெளி, சேறு தானாக உதிரும். நகத்தால் அழுத்திப் பார்த்தேன், ரப்பரில் உயிர் இருந்தது. செல்லச்சாமி சார் வந்து மோந்து பார்த்தார். தரையில் தட்டிப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் போய்விட்டார். அவரிடம் அது சம்மதம்.

சக்கரங்களைக் கீழே அனுப்ப வேண்டும். லாரி கிளம்பத் தயாராக நின்றது. இந்த வண்டிக்கென்று தனித் தாள் எதுவும் என்னிடம் இல்லை. டிராக்டர் தாளில் ஒன்றை எடுத்து, டிராக்டர் என்பதை அடித்துவிட்டு வண்டிப் பெயர் எழுதினேன். சைஸ் எழுதினேன். டியூப் போட்டே மாட்டச் சொன்னேன், மலையில் பஞ்சர் ஒட்ட அதுதான் வசதி. காற்று அளவை எழுதி இரண்டு கோடு போட்டேன். கையெழுத்து வாங்கி அனுப்பினேன்.

மறுநாள் திரும்பி வந்ததையும் பதினோராம் நாள் நடந்ததையும் மேலே சொல்லிவிட்டேன்.

விபத்துக்கு மறுநாள் காலை நான் தனியாகத்தான் போனேன். வண்டி மரத்தில் சாய்ந்தபடி நின்றது. பின் சக்கரத்தின் வால்வு அடிப்பக்கம், தரையை ஒட்டி இருந்தது. ஷெட்டில் நாங்கள் காற்று அளக்கும்போது சக்கரத்தை உருட்டி வால்வை மேலே கொண்டுவந்துதான் அளப்போம். சேறு உள்ளே போகாமல் இருக்க நான் போட்ட விதி அது. இங்கே உருட்ட வழியில்லை. குனிந்து கேஜை வைத்தேன். சர்ரென்று தண்ணீர் பீறிட்டு என் முழங்கைவரை நனைத்தது. மழைத் தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தேன். துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் தண்ணீர். அடுத்த பின் சக்கரத்திலும் அதே. முன் சக்கரம் இரண்டிலும் காற்று.

ஜீப்பில் கயிறு கட்டி வண்டியை ஷெட்டுக்கு இழுத்துவந்தார்கள். சக்கரங்களைக் கழற்றிக் கொழுந்து நிறுக்கும் தராசில் ஏற்றினோம். பின் சக்கரம் ஒன்று, முன் சக்கரம் இரண்டை விடவும் கூடுதலாக இருந்தது. வால்வு ஊசியைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்தோம். ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய இரண்டு குடம் வந்தது.

செல்லச்சாமி சார் பக்கத்தில் நின்று பார்த்தார். அவரால் கேள்வி கேட்க முடியவில்லை. அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

குட்டை வண்டியின் பின்னால் நாலு குடம் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் நிற்க நினைக்கும். உள்ளே தண்ணீர் நிற்காது. வளைவில் அது ஒரு பக்கமாகப் போய்த் தள்ளும். பின்னால் யாரோ உட்கார்ந்து ஆடுவதுபோல இருக்கும்.

அந்த வார்த்தை நினைவுக்கு வந்ததும் என் நோட்டைப் புரட்டினேன். இருந்தது. வலப்பக்கத்தில், 'சொன்னது' பத்தியில், என் கையாலேயே எழுதியிருந்தேன். எட்டு நாளாக அது அங்கேயே காத்திருந்தது. பாண்டி சொன்ன அன்று, பின்னால் இருப்பது பேயா, மாமியாரா என்று லோடுமேன்கள் அவரைக் கேட்டார்கள். மாமியாராக இருந்தால் இத்தனை நேரம் பேசாமல் வராது என்றார் அவர். எல்லாரும் சிரித்தோம். அதோடு முடிந்தது.

அன்று மதியம் தனியாக உட்கார்ந்து சந்தேகப் பட்டியல் போட்டேன். அதை மறைக்காமல் தருகிறேன்.

ஒன்று, பாண்டி. அவருக்கு இந்த வண்டி பிடிக்காது. ஜீப்புக்குத் திரும்ப வேண்டும். வண்டி சரியில்லை என்று காட்டத் தானே தண்ணீர் விட்டிருக்கலாம். எதிர்வாதம்: தண்ணீர் விட்டவர் அதில் உட்கார்ந்து அந்த வளைவில் இறங்குவாரா?

இரண்டு, கொச்சிக்காரர். தேதியைத் தேய்த்தவர் எதுவும் செய்வார். ஆனால் வந்தது வெறும் டயர். அடித்துவிட்டேன்.

மூன்று, ராஜாங்கம். புது டியூபுக்குப் பதில் பழைய டியூப் போட்டு, கசிவை மறைக்க ஏதாவது செய்திருப்பார். பலமான சந்தேகம்.

நான்கு, செல்லச்சாமி சார். என் தேர்வு தோற்றால் அவர் சொன்ன டயர் ஜெயிக்கும். கேஜும் அவர் தூக்கில்தான் இருக்கிறது. இந்த வரியை எழுதும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

ஐந்து என்று எண் போட்டேன். எழுத யாரும் இல்லை. காலியாக விட்டேன்.

சாயங்காலம் பாண்டி ஷெட் வாசலுக்கு வந்தார். உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு. வாசலிலேயே நின்று, "தங்கச்சி, ரிப்போர்ட்ல என்ன எழுதப் போறீக?" என்றார்.

"இன்னும் எழுதலண்ணே."

"எம் பொண்டாட்டி சாமானக் கட்ட ஆரம்பிச்சிட்டா. வேணாம்டின்னேன். கேக்க மாட்டேங்கிறா. நான் பிரேக்க அமுக்குனேன். அம்புட்டுத்தேன் எனக்குத் தெரியும்."

தண்ணீர் வந்தது அவருக்கும் தெரிந்திருந்தது. ஷெட்டே பேசியதே. நான் அவரையும் சந்தேகிக்கிறேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அவர் முகத்தைப் பார்த்த விதத்தில் அது இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் சின்னமனூர் இறங்கினேன். ராஜாங்கம் அண்ணனைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் திட்டம். மூன்று கேள்விகள் தயாராக வைத்திருந்தேன். டியூப் எந்தக் கடையில் வாங்கினது, பில் எங்கே, பழைய டியூபை என்ன செய்தீர்கள் என்று கேட்டுவிட்டுக் கடைசியில் தண்ணீருக்கு வருவது.

அவர் ஒரு டிராக்டர் சக்கரத்தின் மேல் ஏறி நின்று கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கினார். "வாங்க தாயி. வண்டி எப்பிடி, தரையக் கவ்விட்டு நிக்குதா?"

இந்தக் கேள்வி என் திட்டத்தில் இல்லை. மூன்றையும் விட்டுவிட்டு நேராகக் கேட்டேன். "பின் சக்கரத்துல தண்ணி விட்டது யாருண்ணே?"

"நாந்தேன்."

"யாரக் கேட்டு விட்டீக?"

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "நீங்கதான சொன்னீக."

"நான் சொல்லல."

அவர் கையைத் துணியில் துடைத்தார். சுவரில் ஒரு கம்பி தொங்கியது. வந்த தாள்களையெல்லாம் அதில் குத்திவைப்பார். மேலிருந்து ஐந்தாறு தாளை உருவி, ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஏழாவதப் பாருங்க."

என் தாள்தான். டிராக்டர் என்பதை அடித்திருந்தது என் பேனா. சைஸ் என் எழுத்து. காற்றுக்கு அடியில் இரண்டு கோடு. அதற்குக் கீழே, நான் நாலு வருடத்துக்கு முன்பு டைப் அடித்த கடைசி வரி, அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது: '7. பின் சக்கரம் இரண்டிலும் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பவும்.'

நெல் வயலில் நீர் கட்டித் தொழி உழுகிற டிராக்டருக்குப் பின் சக்கரத்தில் தண்ணீர் நிரப்புவது நம் பள்ளத்தாக்கில் யாருக்கும் தெரிந்த விஷயம். கனம் இருந்தால்தான் சேற்றில் சக்கரம் வழுக்காமல் கவ்வும். யாரும் அதை வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள். தாளில் மட்டும் விட்டுப்போகக் கூடாது என்று நான்தான் சேர்த்தேன்.

"எனக்கும் ஒரு மாதிரியாத்தேன் இருந்துச்சு," என்றார் ராஜாங்கம் அண்ணன். "இம்புட்டுச் சின்னச் சக்கரத்துக்கு எதுக்குத் தண்ணின்னு. சரி, மலைக்கு வேற கணக்குப் போல, அந்தப் பிள்ள எழுதுனா யோசிச்சுத்தேன் எழுதும்னுட்டு விட்டேன். ஏன் தாயி, தப்பாப் போச்சா?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அந்தத் தாள் வேணும்னா எடுத்துட்டுப் போங்க. எனக்கு எதுக்கு?" என்றார்.

மலை ஏறும் பஸ்ஸில் அந்தத் தாள் என் கைப்பையில் இருந்தது. இதற்குக் கார்பன் நகல் ஒன்று ஷெட் ஃபைலில் உண்டு. ஃபைல் என் பொறுப்பு. சனிக்கிழமைக்கு ஒரு நாள் இருந்தது. 'சக்கரத்தில் தண்ணீர் இருந்தது, யார் நிரப்பியது என்று தெரியவில்லை' என்று எழுதினால் பொய்யும் இல்லை போல இருக்கும். ஆனால் அப்படி எழுதினால் மேனேஜர் கடைசியாக வண்டியை வைத்திருந்தவரைத்தான் கேட்பார். அது பாண்டி. பஸ் ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்துத் திரும்பியது. நோட்டை எடுத்துச் சந்தேகப் பட்டியலைத் திறந்தேன். ஐந்தாவது எண் இன்னும் காலியாக இருந்தது. என் பெயரை எழுதினேன். மிச்சமிருந்த மூன்று வரியையும் அடித்தேன்.

ஷெட்டில் செல்லச்சாமி சார் தனியாக இருந்தார். "தண்ணி எப்பிடி வந்ததுன்னு தெரிஞ்சிருச்சு சார்," என்றேன்.

"பாத்ததா, சொன்னதா?"

"பாத்தது."

தாளைக் கொடுத்தேன். முதல் வரியில் விரலை வைத்தார். ஒவ்வொன்றாக இறங்கி ஏழாவதில் நின்றார். பிறகு விரல் கையெழுத்துகளுக்குப் போனது. என்னுடையதைத் தாண்டித் தன்னுடையதில் நின்றது.

"நான் படிக்கல," என்றார்.



"நாலு வருசமா உன் தாளப் படிச்சுப் படிச்சுத்தேன் போட்டேன். ஒண்ணுலயும் ஒரு தப்பு கண்டதில்ல. லாரி நின்னுச்சு. உன் தாள்தானன்னு போட்டுட்டேன்." தாளை மடித்தார். மறுபடி பிரித்தார். "இதக் கிழிச்சுப் போட்டிருக்கலாமே. ஏன் கிழிக்கல?"

நல்ல பதில் ஒன்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னேன். "நீங்க ராஜாங்கத்துக்கிட்டப் போய்க் கேப்பீக சார்."

"கேட்டிருப்பேன்," என்றார். "நாளைக்குக் காலைல போறதாத்தேன் இருந்தேன்."

இரண்டு பேரும் சேர்ந்துதான் மேனேஜரிடம் போனோம். தண்ணீர்தான் காரணமா, உறுதியாகச் சொல்ல முடியுமா என்று அவர் கேட்டார். முழு உறுதியாகச் சொல்ல முடியாது, பாதை சேறாக இருந்தது, வளைவு குறுகலானது, ஆனால் இந்த வண்டியில் இருக்கவே கூடாத கனம் இருந்தது, டிரைவர் எட்டு நாள் முன்பே சொல்லியும் ஷெட் பார்க்கவில்லை என்றேன். எல்லாவற்றையும் அறிக்கையில் வரிசை எண் போட்டு எழுதினேன். எங்கள் இருவருக்கும் மெமோ வந்தது. ஆறு மாதம் என் தாள் எதுவும் மேனேஜர் பார்க்காமல் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. பாண்டிக்கு வேலை திரும்பியது. அவர் மனைவி கட்டிய சாமானை அவிழ்த்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய் ரோசம்மா சிஸ்டரிடமும் சொன்னேன். அவர் பாதி மலையாளத்தில், "நீ பேப்பரில் எழுதியது, எல்லு முறிஞ்சது எனக்கு" என்றார்.

வண்டி சரியானதும் பாண்டி அதைத் தொட மறுத்தார். தண்ணீர் இல்லை, காற்று மட்டும்தான், நானே அளந்தேன் என்றேன்.

"சொல்றீக," என்றார். "நான் பாக்கலயே. நீங்க பக்கத்துல ஏறுங்க தங்கச்சி. அந்த வளைவு வரைக்கும் போவோம்."

ஏறினேன். மேல் லயனிலிருந்து இறங்கினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. வளைவுக்கு முன்னால் அவர் பிரேக்கை மிதித்தார். கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். வண்டி நின்றது. அவர் திரும்பி என் கையைத்தான் பார்த்தார். "வண்டி நிக்குதுன்னு இப்ப ரிப்போர்ட் எழுதுங்க," என்றார்.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சைஸ் பழைய டயரின் பக்கச் சுவரிலேயே இருக்கிறது. அதையே வாங்கு. ஆறு பிளைக்குக் குறையாதே. தேதி எண்ணைத் தடவிப் பார். மினி டிராக்டர் டயர் வேண்டாம். மாட்டி வந்ததும் சக்கரத்தை ஒருமுறை கையால் தூக்கிப் பார், யாராவது கனமாக இருக்கிறது என்றால் இறக்கிவைத்து நிறுத்துப் பார். காற்றை வால்வு அடியில் இருக்கும்போது ஒருமுறை, மேலே இருக்கும்போது ஒருமுறை என்று இரண்டு தடவை அள. டிரைவர் சொன்னதை எந்தப் பத்தியிலும் காத்திருக்க விடாதே. இன்னொரு வண்டியின் தாளில் இந்த வண்டியின் பெயரை எழுதாதே. இதெல்லாம் உனக்குச் 'சொன்னது' பத்தியில்தான் வரும். போய்ப் பார்த்துக்கொள்.

இப்போதைய நிலவரம் இது. செல்லச்சாமி சார் உத்தமபாளையத்தில் இருக்கிறார். ராஜாங்கம் அண்ணன் கடை நடக்கிறது. ரோசம்மா சிஸ்டர் அந்த வண்டியில் மறுபடி ஏறவில்லை, மேல் லயனுக்கு நடந்தே போகிறார். தவளையை இன்னும் பாண்டிதான் ஓட்டுகிறார், அதே லயன் வீட்டில்தான் இருக்கிறார். டயர் பாதி தேய்ந்திருக்கிறது. நான்கு சக்கரத்திலும் காற்று மட்டும் இருக்கிறது. நான் கடைசியாகப் பார்த்தது மார்ச் மாதம்.